சிலிக்கோனில் சாயம் ஏற்றி, ஒளியால் பயோஃபிலிமைத் தடுப்பது எப்படி?

பிளாஸ்டிக் குடத்தை நாலைந்து நாள் தேய்க்காமல் விட்டு உட்புறத்தை விரலால் தடவிப் பாருங்கள், வழவழவென்று இருக்கும். அதுதான் பயோஃபிலிம். பாக்டீரியாக்கள் கூட்டமாக ஒட்டிக்கொண்டு, தாங்களே சுரக்கும் பசைக்குள் பதுங்கியிருக்கின்றன. இதுவே நோயாளிக்குப் போட்ட சிறுநீர்க் குழாயில் படிந்தால் ஆன்டிபயாடிக் லேசில் எடுபடாது. ஒளி பட்டால் கிருமியைக் கொல்லும் பாலிமர் மேல் எனக்கு இவ்வளவு ஆசை வந்ததே அதனால்தான். ஆய்வகத்தில் செய்து பார்க்கப்போகும் மைக்ரோபயாலஜி மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன், வீட்டில் வேண்டாம்.

சிலிக்கோன் தாளைச் சின்ன வில்லைகளாக வெட்டிக்கொள்ளுங்கள். 9 பங்கு அசிட்டோனுக்கு 1 பங்கு தண்ணீர் சேர்த்து, அதில் மெத்திலீன் ப்ளூ என்ற நீலச் சாயத்தைக் கரைத்து, மூடிய கண்ணாடிப் பாத்திரத்தில் 24 மணி நேரம் இருட்டில் ஊறவிடுங்கள். சிலிக்கோன் உப்பி சாயத்தை உள்ளே வாங்கும், காயும்போது சுருங்கி அதைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் கழுவ வேண்டும், கழுவிய தண்ணீரில் நீலம் துளியும் தெரியாத வரைக்கும். இங்கே அவசரப்பட்டால், கொன்றது பரப்பா கசிந்த சாயமா என்று பிறகு பிரிக்கவே முடியாது.

சாயம் 660 நானோமீட்டர் பக்கத்து ஒளியை நன்றாக உறிஞ்சும், அதனால் சிவப்பு எல்இடி போதும். சதுர சென்டிமீட்டருக்கு 50 மில்லிவாட் வீதம் 10 நிமிடம் என்றால், சதுர சென்டிமீட்டருக்கு 30 ஜூல். அந்த ஆற்றல் ஆக்சிஜனுக்குப் போய் சிங்லெட் ஆக்சிஜன், அதாவது செல்லைச் சிதைக்கும் வீரியமான ஆக்சிஜன் வடிவம், உருவாகிறது, தண்ணீரில் அது சில மைக்ரோ வினாடிகள்தான் தாங்கும். அதாவது பரப்பை ஒட்டியிருக்கும் செல்லுக்குத்தான் அடி, தடித்த படலத்தின் மேலடுக்குக்கு அது போய்ச் சேராது. ஆகவே பாக்டீரியா வந்து ஒட்டும் முதல் சில மணி நேரத்திலேயே ஒளியைப் போடுங்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க வில்லைகளை நான்கு பிரிவாகக் கட்டாயம் வையுங்கள்: சாயமும் ஒளியும், சாயம் மட்டும் இருட்டில், ஒளி மட்டும், இரண்டும் இல்லாதது. பாக்டீரியாக்களில் முதலில் ஸ்டெஃபிலோகாக்கஸ், பிறகு சூடோமோனாஸ். இரண்டாவதற்கு வெளிச்சவ்வு இருப்பதால் சிரமம் கூடும்.

முடிவைக் கிரிஸ்டல் வயலெட் என்ற ஊதாச் சாயத்தை மட்டும் நம்பி எழுதாதீர்கள். அது செத்த செல்லையும் பசையையும் சேர்த்தே நிறமேற்றும், போதாததற்கு உங்கள் வில்லையே நீலம். படலத்தைப் பிரித்தெடுத்து அகரில் போட்டுக் காலனி எண்ணுங்கள்.

ஏற்கெனவே படிந்ததை நீக்குவதென்றால் ஒளி முடிந்ததும் மென்மையான பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவிவிட்டு, மறுபடி ஒருமுறை ஒளி கொடுங்கள், ஏனென்றால் செத்த செல்லையும் பசையையும் அப்படியே விட்டால் அடுத்த பாக்டீரியாக் கூட்டம் அதன் மேலேயே வந்து உட்காரும்.