கிராபிக்ஸ் கார்ட்டைக் குறை சொல்லமுன் மொனிற்றர் செற்றிங்ஸைப் பாருங்கள்

யாழ்ப்பாணத்தில் கேம் விளையாடும் பொடியள் பலர் வாங்குவது பாவித்த கிராபிக்ஸ் கார்ட்தான், புதிதின் விலை அப்படி. கொழும்பிலிருந்து பஸ்ஸில் வந்து சேர்ந்ததும் பூட்டி, கார்ட்டின் வேகத்தை அளந்து ஸ்கோர் கொடுக்கும் யுனிஜின் ஹெவனையோ 3டிமார்க் டைம் ஸ்பையையோ ஓடவிட்டு, வந்த ஸ்கோரை யூரியூப்பில் கண்ட ஸ்கோரோடு ஒப்பிட்டுப் பார்த்து, குறைவாக இருந்தால் உடனே விற்றவருக்குப் போன் எடுத்துவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். கார்ட்டில் ஒரு குறையும் இல்லாமலே, கார்ட்டையும் மொனிற்றரையும் ஒத்துப்போக வைக்கும் ‘சிங்க்’ செற்றிங்ஸால் ஸ்கோர் விழலாம்.

முதலில் விசயம் விளங்கவேண்டும். வி-சிங்க் என்பது மொனிற்றரின் வேகத்துக்குக் கார்ட்டை இழுத்து நிறுத்துவது. 60 ஹேர்ட்ஸ் மொனிற்றர் (செக்கனுக்கு 60 தடவை திரையைப் புதுப்பிப்பது) என்றால் கார்ட் எவ்வளவு வேகமானதாக இருந்தாலும் 60 எஃப்பிஎஸ்ஸை, அதாவது செக்கனுக்கு 60 ஃபிரேமை (படத்தை), தாண்டாது. அடாப்டிவ் சிங்க் இதற்குத் தலைகீழ்: கார்ட் ஒரு ஃபிரேமை முடித்துக் கொடுக்கும்வரை மொனிற்றர் காத்திருந்து, அப்போது திரையைப் புதுப்பிக்கும். என்விடியா இதை 2013இல் ஜி-சிங்க் என்று கொண்டுவந்தது, 2014இல் திரைகளுக்கான தரங்களை வகுக்கும் வெசா அமைப்பு டிஸ்பிளேபோர்ட் 1.2ஏ என்ற இணைப்புத் தரத்தில் சேர்த்தது, ஏஎம்டியின் ஃப்ரீசிங்க் அதையே பயன்படுத்துகிறது.

அப்படியென்றால் அடாப்டிவ் சிங்க்தான் ஸ்கோரைக் குறைக்கிறதா? மொனிற்றரின் எல்லைக்குள், உதாரணமாக 48 முதல் 144 ஹேர்ட்ஸ் வரை, அது தனியே பெரிதாக எதையும் குறைக்காது. சிக்கல் 144ஐத் தாண்டும் இடத்தில்தான். திரையில் படம் குறுக்கே வெட்டுப்பட்டுக் கிழிந்ததுபோல் தெரியக்கூடாது என்று பலரும் ஜி-சிங்க்கோடு வி-சிங்க்கையும் போட்டு வைத்திருப்பார்கள். விளையாட அது நல்ல செற்றிங், நானும் அப்படித்தான் வைத்திருக்கிறேன். ஆனால் ஹெவனில் லேசான காட்சிகளில் 200 எஃப்பிஎஸ் கொடுக்கக்கூடிய கார்ட் அப்போது 144இலேயே முட்டி நிற்கும், பாரமான காட்சியில் வரும் 90 மட்டும் அப்படியே இருக்கும், அதனால் சராசரியும் ஸ்கோரும் இறங்கிவிடும்.

சரி, செய்ய வேண்டியதைப் பார்ப்போம்.

படி 1. மொனிற்றர் கேபிள் கிராபிக்ஸ் கார்ட்டில்தான் செருகியிருக்கிறதா என்று பாருங்கள், மதர்போர்டில் அல்ல. பிறகு விண்டோஸில் அட்வான்ஸ்ட் டிஸ்பிளே பக்கத்துக்குப் போய் ரிஃப்ரெஷ் ரேட் எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். 144 ஹேர்ட்ஸ் மொனிற்றர் 60இல் ஓடிக்கொண்டிருப்பது அடிக்கடி நடக்கிற ஒன்று.

படி 2. எல்லாவற்றையும் அணையுங்கள். என்விடியா கார்ட் என்றால் கன்ட்ரோல் பனலில் ஜி-சிங்க்கை எடுத்துவிட்டு, மனேஜ் 3டி செற்றிங்ஸில் வேர்ட்டிக்கல் சிங்க்கை ஓஃப் ஆக்கி, மக்ஸ் ஃபிரேம் ரேட்டையும் ஓஃப் செய்யுங்கள். அதே இடத்தில் ஒவ்வொரு புரோகிராமுக்கும் தனி செற்றிங்ஸ் இருக்கிறது, முன்பு யாராவது அதில் கை வைத்திருந்தால் பொதுவில் மாற்றியது அங்கே செல்லாது. ஏஎம்டி என்றால் அதன் அட்ரினலின் புரோகிராமில் ஃப்ரீசிங்க், ரேடியன் சில், ஃபிரேம் ரேட் டார்கெட் கன்ட்ரோல் மூன்றையும் அணைத்து, வெயிட் ஃபோர் வேர்ட்டிக்கல் ரிஃப்ரெஷை ‘ஓல்வேய்ஸ் ஓஃப்’ ஆக்குங்கள். விண்டோஸின் கிராபிக்ஸ் செற்றிங்ஸில் வேரியபிள் ரிஃப்ரெஷ் ரேட் என்று ஒன்று இருந்தால் அதையும். எஃப்பிஎஸ்ஸைக் கட்டுப்படுத்தும் ரிவாடியூனர் புரோகிராமில் எப்போதோ போட்ட ஃபிரேம் லிமிட்டைப் பலர் மறந்துபோய்விடுவார்கள், அதையும் பாருங்கள்.

படி 3. கணினியை ஒருதரம் ரீஸ்டார்ட் செய்து, பிரவுசரை மூடிவிட்டு ஹெவனை ஓடவிடுங்கள். எஃப்9 அழுத்தினால் சோதனை தொடங்கும். முடிவில் வரும் சராசரி, மிகக் குறைவு, மிகக் கூட, மூன்றையும் எழுதி வையுங்கள். பிறகு சிங்க்கைப் போட்டுவிட்டு அதே ரெசலூஷன், அதே தரத்தில் மறுபடி ஓடவிடுங்கள். முதலாவதைக் காலைக் குளிரிலும் மற்றதை மத்தியான வெக்கையிலும் ஓடவிட்டால் ஒப்பிட ஏலாது, இரண்டும் அடுத்தடுத்து நடக்கவேண்டும்.

படி 4. ஒப்பிடுங்கள். சிங்க்கை அணைத்து ஓடவிட்டபோதும் மிகக் கூடிய எண் மொனிற்றரின் ரிஃப்ரெஷ் ரேட்டிலேயே ஒட்டிக்கொண்டு நின்றால், எஃப்பிஎஸ்ஸைக் கட்டிவைக்கும் ஒரு பூட்டு எங்கேயோ இன்னும் இருக்கிறது. 144 ஹேர்ட்ஸ் மொனிற்றரில் 138 சுற்றி நின்றாலும் சந்தேகப்படுங்கள், ஜி-சிங்க், வி-சிங்க், தாமதத்தைக் குறைக்கும் லோ லேட்டன்சி மோட் ‘அல்ட்ரா’ மூன்றும் சேர்ந்தால் என்விடியா டிரைவர் தானாகவே அந்த அளவில் நிறுத்தும். கார்ட்டைக் கண்காணிக்கும் எம்எஸ்ஐ ஆஃப்டர்பேர்னர் புரோகிராமில் கார்ட்டின் பயன்பாடு 99 சதவீதத்தை ஒட்டி இல்லாமல் 60, 70இல் அலைந்தாலும் அநேகமாக இதே கதைதான். புரொசெசர் ஈடுகொடுக்காவிட்டாலும் அப்படி வரும் என்பதையும் மனதில் வையுங்கள்.

பாவித்த கார்ட் வாங்குகிறவர்கள் இதை வடிவாகக் கவனிக்கவேண்டும். பூட்டு இருக்கும்போது கார்ட் பாதி வேலைதான் செய்யும், சூடாகாது, விசிறி சத்தம் போடாது. சிப்பின் சூட்டைக் கடத்தும் தேர்மல் பேஸ்ட் காய்ந்துபோனதும் பழுதான விசிறியும் அப்படி மறைந்துவிடும். விற்பவர் வீட்டில் 60 ஹேர்ட்ஸ் மொனிற்றரில் கேம் ஒன்றை ஓட்டிக் காட்டினால், வி-சிங்க்கை அணைத்துவிட்டு இன்னொரு தரம் ஓட்டிக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், பதினைந்து நிமிடமாவது வெப்பநிலையைப் பார்த்துக்கொண்டிருங்கள்.

சோதனை முடிந்ததும் சிங்க்கைத் திரும்பப் போட மறக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியும் வழுவழுப்பை எந்த ஸ்கோரும் காட்டாது, 70 எஃப்பிஎஸ்ஸில் ஓடும் கேம் அடாப்டிவ் சிங்க்கோடு எவ்வளவு நன்றாக இருக்கிறது என்பதை விளையாடித்தான் பார்க்கவேண்டும். ஃபிரேம் லிமிட்டை மொனிற்றரின் உச்சத்துக்கு மூன்று எஃப்பிஎஸ் கீழே, 144க்கு 141 என்று, வையுங்கள். எப்போதும் எல்லைக்குள்ளேயே ஓடும், சித்திரை வெயிலில் சீலிங் ஃபான் மட்டும் சுற்றும் அறையில் கார்ட்டுக்கும் கொஞ்சம் ஆறுதல்.