வீட்டிலேயே பினா கொலாடா: ரம்மை விடுங்கள், தேங்காய்ப்பாலைக் கவனியுங்கள்

உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து ஹோட்டல்களில் ஒரு கிளாஸ் பினா கொலாடாவுக்குக் கேட்கும் காசில் வீட்டில் நாலு பேருக்குத் தாராளமாகக் கலக்கலாம். உள்ளே போவது வெள்ளை ரம், அன்னாசி, தேங்காய் மூன்றும்தான். பின்னிரண்டுக்கும் திருகோணமலையில் பஞ்சமா என்ன?

பிறந்த இடம் கரீபியன் தீவான புவேர்ட்டோ ரிக்கோ. தலைநகர் சான் ஹுவானில் உள்ள கரிபே ஹில்டன் ஹோட்டல், தன்னிடம் வேலை பார்த்த ரமோன் மர்ரேரோ 1954இல் இதை உருவாக்கினார் என்கிறது. அதே ஊர் பர்ராச்சினா உணவகமோ, 1963இல் நாங்கள்தான் கண்டுபிடித்தோம் என்று வாசலில் கல்வெட்டே பதித்திருக்கிறது. சண்டை எப்படியோ போகட்டும், 1978இல் அந்தத் தீவின் அரசு இதைத் தங்கள் அதிகாரபூர்வ பானமாக அறிவித்துவிட்டது. அங்கே பயன்படுத்துவது கொக்கோ லோப்பேஸ் என்று டின்னில் வரும் இனிப்புத் தேங்காய்ப் பாகு. அதைத் தேடிக் கொழும்புவரை அலைய வேண்டாம். நம் வீட்டுத் திருவலை போதும்.

இரண்டு கிளாஸுக்குத் தேவையானவை: நன்றாகப் பழுத்த அன்னாசித் துண்டுகள் இரண்டு கப், வெள்ளை ரம் 120 மில்லி, தேங்காய்ப் பாகு 90 மில்லி, தேசிக்காய்ச் சாறு ஒரு மேசைக்கரண்டி, ஐஸ் ஒரு கைப்பிடி. அளவுக் கிண்ணம் இல்லையென்றால் கவலை வேண்டாம். ஒரு மேசைக்கரண்டி 15 மில்லி. ஆக ரம் எட்டுக் கரண்டி, பாகு ஆறு கரண்டி. போயா தினத்தில் மதுக்கடை பூட்டியிருக்கும் என்பதால் போத்தலை முதல் நாளே வாங்கி வைத்துவிடுங்கள். 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கொடுக்கவும் மாட்டார்கள்.

முதல் நாள் இரவு: அன்னாசி

தோல் சீவி, கண்களை எடுத்து, நடுத்தண்டை ஒதுக்கிவிட்டுச் சிறு துண்டுகளாக வெட்டுங்கள். ஒரு தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி ஃப்ரீசரில் வைக்க வேண்டும். மொத்தமாகப் பையில் போட்டால் காலையில் பாறாங்கல்லாக வரும், பிளெண்டர் பாவம். இந்த வேலையை விட்டுவிடாதீர்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் வெறும் ஐஸை நம்பிக் கலக்கினால் நாலு வாய் குடிப்பதற்குள் தண்ணீராகிவிடும். பழமே ஐஸாக இருந்தால் உருகினாலும் உருகுவது சாறுதான்.

அடுத்தது: தேங்காய்ப் பாகு

ருசி முழுக்க இதில்தான் இருக்கிறது. நல்ல முற்றிய தேங்காய் ஒன்றைத் துருவுங்கள். அடியிலுள்ள மண்ணிறத் தோல்வரை துருவினால் நிறம் மங்கும், வெள்ளையோடு நிறுத்திவிடுங்கள். அரைக் கப் இளஞ்சூட்டுத் தண்ணீர் விட்டு நன்றாகப் பிசைந்து, துணியில் போட்டு இறுக்கிப் பிழியுங்கள். முதற்பால் மட்டுமே வேண்டும். இரண்டாம் பால் கறிக்குப் போகட்டும்.

ஒரு கப் முதற்பாலுக்கு முக்கால் கப் சீனி, ஒரு சிட்டிகை உப்பு. அடுப்பை மிகக் குறைந்த நெருப்பில் வைத்து, கரண்டியை எடுக்காமல் கிளறுங்கள். கரண்டியின் அடியில் சீனி நறநறவென்று உரசுவது நின்று, ஓரத்தில் லேசாக ஆவி தெரியத் தொடங்கியதும் இறக்கிவிட வேண்டும். கொதிக்க விட்டால் எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும், பிறகு அது சொதிக்குக்கூட உதவாது. ஆறியதும் போத்தலில் ஊற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். மூன்று நாள் தாங்கும். மேலே கட்டிபட்டால் போத்தலைச் சுடுதண்ணீரில் சற்று நேரம் நிறுத்திக் குலுக்குங்கள், சரியாகிவிடும்.

தேங்காய்க்குப் பதில் பசும்பால் விடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். சூடாக்காத அன்னாசியில் புரோமலைன் என்ற நொதி இருக்கிறது. அது பாலின் புரதத்தை உடைத்து, பானத்தைத் திரித்துக் கசப்பாக்கிவிடும். தேங்காய்ப்பாலில் புரதம் குறைவு என்பதால் அந்தத் தொல்லை இல்லை. டின் அன்னாசியை ஏற்கெனவே சூடாக்கித்தான் அடைத்திருப்பார்கள், அதனால் அதில் நொதி செத்திருக்கும். ஆனால் வாசமும் கூடவே போயிருக்கும்.

கலக்குவது

பிளெண்டரில் முதலில் ரம், பாகு, தேசிக்காய்ச் சாறு. அதன்மேல் உறைந்த அன்னாசி, கடைசியில் ஐஸ். திரவம் அடியில் இருந்தால்தான் பிளேடு சுற்றும். ஒரேயடியாக ஓட விடாமல் விட்டு விட்டு அடியுங்கள், இல்லாவிட்டால் மோட்டார்ச் சூட்டிலேயே பானம் இளகிவிடும். கரண்டியால் அள்ளினால் மெதுவாக வழிய வேண்டும், அதுதான் பதம். இறுகிப்போனால் இரண்டு கரண்டி அன்னாசிச் சாறு. தண்ணியாகப் போனால் இன்னும் கொஞ்சம் உறைந்த துண்டு.

கிளாஸையும் முன்கூட்டியே குளிரவைத்திருந்தால் நல்லது. மேலே ஒரு அன்னாசித் துண்டு செருகினால் போதும், குடை கொடி எல்லாம் ஹோட்டல்காரர் பாடு. எனக்குப் பிடித்தது வேறு: கிளாஸ் விளிம்பில் தேசிக்காயைத் தேய்த்து, உப்பும் மிளகாய்த்தூளும் கலந்த தட்டில் ஒரு சுற்று. கடற்கரையில் அன்னாசிக்குத் தூவித் தருவார்களே, அதே ருசி. புவேர்ட்டோ ரிக்கோக்காரர் முகம் சுளிக்கலாம், சுளிக்கட்டும்.

வெள்ளை ரம் கிடைக்கவில்லையென்றால் தென்னஞ்சாராயம் தாராளமாகப் பொருந்தும். தேங்காய்ப் பாகும் சாராயமும் ஒரே மரத்துச் சரக்கு அல்லவா! பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். நிறமான ரம் என்றால் பானம் மண்ணிறமாகும், வெல்ல வாசம் தூக்கலாக இருக்கும், அவ்வளவுதான்.

ஒரு விஷயத்தில் கவனம். ஒரு கிளாஸில் 60 மில்லி ரம் இருக்கிறது, இனிப்பும் குளிரும் அதை மறைத்துவிடும். பழச்சாறு போல உள்ளே இறங்குகிறதே என்று மூன்றாவதை ஊற்றிவிட்டு மோட்டார் சைக்கிளையோ கடலையோ தேடிப் போகாதீர்கள். பிள்ளைகளுக்கு ரம் சேராமல் தனியாக அடித்துக் கொடுக்கலாம். அவர்களுடையதை முதலில் அடித்துவிட்டால் பிளெண்டரை நடுவில் கழுவ வேண்டியதில்லை.