அத்தானின் கணினி உறைந்து நின்றபோது

பிசானப் பருவ நெல் அறுவடைக் கணக்கு குவிந்திருந்த வாரத்தில், அம்பாசமுத்திரத்தில் அரிசி மண்டி வைத்திருக்கும் அத்தான், விண்டோஸ் 10-க்கு மாறிய பின் தம் கணினி அடிக்கடி உறைந்துபோவதாகக் கவலையுடன் சொன்னார். பழைய இயங்குதளத்துக்கே திரும்ப நினைத்தவரைச் சற்றுப் பொறுக்கச் சொன்னேன்.

கணினியின் எந்தப் பகுதி எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தபோது, மையச் செயலியும் (சிபியு) நினைவகமும் பாதிகூடப் பயன்படாதிருக்க, வன்தட்டு மட்டும் 100 விழுக்காட்டில் நின்றது. மேம்படுத்தியதும் கோப்புகளை விரைந்து தேட விண்டோஸ் உருவாக்கும் தேடல் அட்டவணை தயாராகும்வரை சில மணி நேரம் இப்படி இருப்பது இயல்புதான் என்பதால் ஓரிரவு ஓடவிட்டேன்; மாற்றமில்லை. பின்னர் வன்தட்டின் நலத்தைக் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்னும் மென்பொருள் கொண்டு சோதித்ததில், படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் செக்டர்கள் (தரவு பதியும் சிறு பகுதிகள்) தென்பட்டன. அத்தகைய செக்டரை வன்தட்டு திரும்பத் திரும்பப் படிக்க முயலும் நேரமே கணினி உறையும் நேரம். அதுவரை தொடாத பகுதிகளில் பல ஜிகாபைட் கோப்புகள் புதிதாக எழுதப்பட்டதால், முன்பே இருந்த பழுது அப்போது வெளிப்பட்டது என்றே கருதுகிறேன்.

முதல் வேலையாகக் கணக்குக் கோப்புகளைப் பென்டிரைவில் நகலெடுத்தேன். அதற்கு முன் வட்டுச் சீரமைப்பு எதையும் ஓட்டக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. நலிந்த வன்தட்டு அந்த உழைப்பைத் தாங்காமல் போகலாம். பிறகு திருநெல்வேலி சந்திப்பில் வன்தட்டுக்குப் பதிலாக, சுழலும் தட்டில்லாத சேமிப்பகமான 240 ஜிபி எஸ்எஸ்டி வாங்கி வந்து, அதே விண்டோஸ் 10-ஐ அதில் புதிதாக நிறுவினேன். அதன் பின் ஒருமுறைகூடக் கணினி உறையவில்லை.