உணர்விழந்த கருவிழி: வரிசை மாறினால் கண் போகும்

கருவிழிப் பிரிவுக்குப் பயிற்சிக்கு வரும் இளம் மருத்துவர்களைப் பார்க்கிறேன். நாங்கள் அந்த வயதில் செய்த அதே தவறுகளைக் கொஞ்சமும் குறைவில்லாமல் செய்கிறார்கள். எல்லோருக்கும் தெரிந்ததை விட்டுவிடுகிறேன். உணர்வு போன கண்ணுக்கு அறுவை சிகிச்சை என்று வரும்போது சறுக்கும் இடங்கள் மட்டும் இங்கே.

மரப்புச் சொட்டு விட்டபின் உணர்வு பார்ப்பது

பஞ்சு நுனியால் கருவிழியைத் தொட்டு உணர்வு பார்ப்பது முதலில். சொட்டு அப்புறம்.

தழும்பைப் பார்த்ததும் கருவிழியை மாற்றுவது

இன்றும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான். நடுவில் வெண்தழும்பு, பார்வை இல்லை. வெட்டி எடுத்துவிட்டுத் தானக் கருவிழியைத் தைத்தால் தீர்ந்தது என்று நினைக்கிறார்கள். மற்ற கண்களில் அது சரி. இங்கே தழும்பு வந்ததே உணர்வு போனதால். முகத்துக்கும் கண்ணுக்கும் உணர்வு தரும் ட்ரைஜெமினல் நரம்பின் கிளைகள் வலியைச் சொல்வதோடு நிற்பதில்லை. கருவிழியின் மேற்படலம் புதுப்பித்துக்கொள்ளத் தேவையான பொருட்களைச் சுரப்பதும், இமைக்கவும் கண்ணீர் சுரக்கவும் தூண்டுவதும் அவைதான். அவை இல்லாத கண்ணில் புதுக் கருவிழியும் பழையதைப் போலவே புண்ணாகும், ஆறாது, கடைசியில் கரையும். போதாததற்கு, வட்டமாக வெட்டும்போது மிச்சமிருக்கும் நரம்பையும் நாமே அறுத்துவிடுகிறோம்.

செவி நரம்புக் கட்டிக்காகத் தலையில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஒரு பெண் வந்தார். முக நரம்பும் சேர்ந்து பாதித்திருந்ததால் இமை முழுதாக மூடாது. அந்த நிலையிலேயே வேறோர் இடத்தில் கருவிழியை மாற்றியிருந்தார்கள். தையல்கள் தளர்ந்து, ஓரம் கரைந்துகொண்டிருந்தது. “வலியெல்லாம் இல்லீங்க டாக்டர், கொஞ்சம் மங்கலா இருக்கு, அவ்வளவுதான்” என்றார். அந்த ‘வலி இல்லை’தான் நோயே! ஒரு தானக் கண் வீண். அடுத்தமுறை தைத்தால் உடல் நிராகரிக்கும் ஆபத்தும் கூடிவிட்டது. பக்கத்தில் நின்ற பயிற்சி மருத்துவர், “திரும்ப மாத்திடலாமா சார்?” என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த அம்மா முன்னால் சண்டையாகியிருக்கும்.

முதலில் டார்சோராஃபி செய்து இமையின் ஒரு பகுதியைத் தைத்து மூடுங்கள். நோயாளியின் ரத்தத்திலிருந்தே தயாரிக்கும் சீரம் சொட்டு, தேவைப்பட்டால் பனிக்குடப் படலம் வைத்துப் புண்ணை ஆற்றுங்கள். பிறகு நரம்பைக் கொண்டுவாருங்கள். 2009-இல் அறுவை மருத்துவர் டெர்ஸிஸின் குழுவினர் எதிர்ப்பக்க நெற்றி நரம்புகளை நேரடியாக உணர்விழந்த கண்ணுக்குத் திருப்பிக் காட்டினார்கள். அதற்கு உச்சந்தலையில் நீளமாகக் கீற வேண்டியிருந்தது. பின்னர் டொராண்டோ குழந்தைகள் மருத்துவமனைக் குழு கெண்டைக்காலிலிருந்து சூரல் நரம்பை எடுத்து இணைப்புக் கம்பிபோல வைத்ததால் கீறல் சிறிதானது. அதன் இழைகளைப் பிரித்துக் கருவிழியைச் சுற்றிப் பதிக்கிறோம். உணர்வு திரும்பியதை அளந்து பார்த்த பிறகுதான், தழும்பு இன்னும் தடையாக இருந்தால், கருவிழி மாற்று.

செத்த நரம்பிலிருந்து கடன் வாங்குவது

நெற்றியில் அக்கி வந்து உணர்வு போன கண்ணுக்கு அதே பக்க நெற்றி நரம்பை எடுக்கத் திட்டம் போட்டு வருகிறார்கள். இரு பக்க நெற்றியையும் பஞ்சால் தொட்டுப் பாருங்கள். இரண்டு பக்கமும் மரத்திருந்தால் காதுக்குக் கீழே கழுத்தில் ஓடும் நரம்பை யோசிக்கலாம். ஆனால் தொழுநோய் வந்தவரிடம் அதுவும், சூரல் நரம்பும்கூடத் தடித்துக் கெட்டிருக்கலாம். தடவிப் பார்க்காமல் கீறாதீர்கள். சூரல் நரம்பை எடுத்தால் பாதத்தின் வெளிப்பக்கம் மரத்துப்போகும் என்பதையும் முன்பே சொல்லிவிட வேண்டும். நடையாய் நடந்து பிழைப்பவருக்கு அது சின்ன விஷயம் இல்லை.

மூன்றாம் மாதம் கைவிரிப்பது

நரம்பு நாளுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான் வளரும். உணர்வு தேறப் பெரும்பாலும் 6 முதல் 12 மாதங்கள் ஆகும். இடையில் சிலர், கருவிழியைத் தொட்டால் எதிர்ப்பக்க நெற்றியைத் தொட்டதுபோல் இருக்கிறது என்பார்கள். மூளை இன்னும் பழைய முகவரியிலேயே வாசிக்கிறது. அதைக் கேட்டுப் பயப்படாதீர்கள், கேஸ் ஷீட்டில் எழுதுங்கள்.

இமைத் தையலை அழகுக்காகப் பிரிப்பது

கல்யாணம் வருகிறது என்பார்கள். உணர்வு வரும்வரை பிரிக்காதீர்கள்.

சொட்டு மருந்துச் சீட்டு

டைக்லோஃபெனாக், கெட்டோரோலாக் என்ற வலி, அழற்சி குறைக்கும் சொட்டுகள் இரண்டையும் சீட்டிலிருந்து அடித்துவிடுங்கள். இந்தக் கண்ணில் அவை கருவிழியைக் கரைத்துவிடலாம். செயற்கைக் கண்ணீர் பிரிசர்வேடிவ் இல்லாததாக இருக்கட்டும்.