"அழி" என்பதா, "திருத்து" என்பதா? எல்லைப் பதிவு மனுக்களில் நான் பார்க்கும் தவறுகள்

இந்த மாதம் மட்டும் மூன்று பேர், ஐரோப்பிய எல்லைப் பதிவைச் சரிசெய்யச் சொல்லித் தாங்கள் எழுதிய மனுவை எனக்கு அனுப்பி, "அண்ணா, ஒரு தடவை பாருங்க" என்றார்கள். மூன்றிலும் நான் முன்பு செய்த அதே கோளாறு. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக விளக்கி அலுத்துவிட்டது, அதனால்தான் இது.

ஐரோப்பாவில் ஒரே எல்லைப் பரப்பாக இருக்கும் ஷெங்கன் நாடுகளின் வெளி எல்லைகளில் 2025 அக்டோபர் 12 முதல் ஈ.ஈ.எஸ். என்ற நுழைவு வெளியேற்றப் பதிவு அமைப்பைப் படிப்படியாகக் கொண்டுவந்தார்கள். 180 நாளில் 90 நாள் வரை தங்கிப் போக வரும் வெளிநாட்டவரின் முகப்படம், நான்கு விரல்களின் ரேகை, பாஸ்போர்ட் விவரம், வந்த தேதி, போன தேதி எல்லாம் அதில் ஏறும். விசாவில் வருபவரின் ரேகை விசா அமைப்பிலேயே இருப்பதால் மறுபடி எடுப்பதில்லை. பன்னிரண்டு வயது ஆகாத குழந்தைகளிடமும் எடுப்பதில்லை. முத்திரை குத்திய காலத்தில் அதிகாரியின் கை தவறினால் அந்தத் தவறு உங்கள் பாஸ்போர்ட்டில் மட்டும் இருந்தது. இப்போது 29 நாடுகளின் எல்லைத் திரையில் அது தெரியும்.

கையெழுத்தை மறப்பது, தேதியை மாற்றி எழுதுவது பற்றியெல்லாம் சொல்லப்போவதில்லை. அவை உங்களுக்கே தெரியும்.

விவரம் சரி, இருப்பதுதான் தவறு

என் கதையையே சொல்கிறேன். இங்கே, ஒரு ஷெங்கன் நாட்டில், வதிவிட அட்டையோடு பல வருடங்களாக இருக்கிறேன். நீண்ட பயணம் முடித்து விடிகாலையில் இறங்கினேன். பாதித் தூக்கம். சாவடியில் இருந்தவர் விரல்களை வைக்கச் சொன்னார், வைத்தேன். கேமராவைப் பார்க்கச் சொன்னார், பார்த்தேன். அட்டை பாஸ்போர்ட்டுக்குள்ளேயே இருந்தது. அவர் அதைப் புரட்டிப் பார்க்கவில்லை, நானும் எடுத்துக் காட்டவில்லை. சில மாதங்கள் கழித்து வெளியே போகும்போது இன்னொரு அதிகாரி, "நீங்கள் அனுமதிக்கப்பட்ட நாளைத் தாண்டித் தங்கியிருக்கிறீர்களே" என்றார். அட்டையைக் காட்டினேன். விட்டுவிட்டார். "ஆனால் இதைச் சரிசெய்துகொள்ளுங்கள்" என்றும் சொன்னார்.

நான் இரண்டு பக்கம் எழுதினேன். "என் விவரங்கள் தவறாகப் பதிவாகியுள்ளன, திருத்துங்கள்." நாற்பது நாளுக்கு மேல் காத்திருந்தபின் பதில் வந்தது: பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண், நுழைந்த தேதி எல்லாவற்றையும் சரிபார்த்தோம், எல்லாம் பொருந்துகின்றன, திருத்த ஒன்றுமில்லை.

கோபத்தில் அந்தக் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மூன்றாவது தடவைதான் உறைத்தது: அவர்கள் சொன்னது சரி. பதிவில் இருந்த ஒவ்வொரு விவரமும் உண்மை. நான் அதற்குள் இருந்ததுதான் தவறு.

இந்த அமைப்பை உண்டாக்கிய ஐரோப்பிய ஒன்றியத்தின் 2017/2226 ஒழுங்குவிதியின் இரண்டாம் பிரிவே அது யாருக்குப் பொருந்தாது என்று சொல்லிவிடுகிறது. ஷெங்கன் நாட்டு வதிவிட அட்டை உள்ளவர், நீண்டகால விசா உள்ளவர், ஒன்றியக் குடிமகனின் குடும்பத்தினர் என்ற வகையில் அட்டை பெற்றவர் ஆகியோர் அந்தப் பட்டியலில் வருகிறார்கள். ஒன்றியக் குடிமக்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆகவே நான் எழுதியிருக்க வேண்டியது அரைப்பக்கம்தான்: இந்தத் தேதியில் நுழைந்தேன், அன்று இந்த எண்ணுள்ள அட்டை செல்லுபடியாக இருந்தது, ஆகவே இந்த ஒழுங்குவிதி எனக்குப் பொருந்தாது, இந்த நுழைவால் உருவான கோப்பை அழித்து எழுத்தில் உறுதிசெய்யுங்கள். இரண்டாவது மனு அப்படித்தான் போனது. அழித்துவிட்டோம் என்று கடிதமும் வந்தது. முதல் மனுவுக்கு ஆன நாட்கள் போனது போனதுதான்.

இதன் மறுபக்கமும் இருக்கிறது, அதைப் பார்த்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும். லண்டனிலிருந்து உறவினர் வீட்டுக்கு வந்துபோன ஒரு அக்கா. பிரித்தானிய பாஸ்போர்ட். பிரெக்ஸிட்டுக்குப் பிறகு அவர் இந்த அமைப்பில் ஏற வேண்டியவரே. வந்தது பதிவாகியிருக்கிறது, திரும்பிப் போனது பதிவாகவில்லை. திரையில் பார்த்தால் அவர் இன்னும் இங்கேதான் இருக்கிறார். அவர் எழுதிய மனு: "என் தரவு முழுவதையும் உடனே அழிக்கவும்." மறுத்துவிட்டார்கள். மறுக்கத்தான் செய்வார்கள், ஏனென்றால் அந்த நுழைவைப் பதிந்தது சட்டப்படியானது. அவர் கேட்டிருக்க வேண்டியது விட்டுப்போன வெளியேற்றத்தைச் சேர்க்கச் சொல்லி. அதற்குப் பயண டிக்கெட், போர்டிங் பாஸ், அந்தத் தேதிக்குப் பிறகு லண்டனில் வேலைக்கு வந்ததாக முதலாளி தரும் கடிதம் போன்றவை போதும். எல்லைக்கு வெளியே இருந்ததற்கு நம்பத்தகுந்த சான்று தந்தால் "நாள் தாண்டித் தங்கினார்" என்ற அனுமானம் உடையும். சட்டமே அப்படித்தான் சொல்கிறது.

சும்மா விட்டுவிடலாமே என்று நினைக்காதீர்கள். சாதாரணப் பதிவு மூன்று வருடம் இருக்கும். வெளியேற்றம் பதிவாகாத பதிவு ஐந்து வருடம் இருக்கும், நாள் தாண்டித் தங்கியவர் பட்டியலிலும் பெயர் ஏறும்.

பேனாவை எடுக்கும் முன் இந்த ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: நான் இந்த அமைப்பில் இருக்க வேண்டிய ஆளா? இல்லை என்றால் அழிக்கச் சொல்லுங்கள், காரணம் இரண்டாம் பிரிவு. ஆம் என்றால் திருத்தவோ சேர்க்கவோ சொல்லுங்கள், காரணம் உங்கள் கையில் உள்ள சான்று. இரண்டையும் ஒரே கடிதத்தில் கலந்தால், படிப்பவர் தனக்கு எளிதான ஒன்றுக்குப் பதில் சொல்லி மூடிவிடுவார்.

பார்க்காமலே சண்டை

பதிவில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் எழுதாதீர்கள். முதலில் பிரதி கேளுங்கள். இலவசம்.

புது அட்டையின் நகல்

இதில் பலர் வழுக்குகிறார்கள். நுழைந்தது ஜனவரியில், அட்டையைப் புதுப்பித்தது மார்ச்சில். மனுவோடு வைப்பது மார்ச்சில் கிடைத்த பளபளப்பான புது அட்டை. அதிகாரி வெளியிட்ட தேதியைப் பார்க்கிறார், ஜனவரியில் இவரிடம் அட்டையே இல்லை என்று முடிவு செய்கிறார். எல்லையைக் கடந்த நாளில் செல்லுபடியாக இருந்த அட்டையின் இரண்டு பக்கமும் வேண்டும். பழைய அட்டையைப் புதுப்பிக்கும்போது வாங்கிக்கொள்வார்கள், அதற்கு முன்பே நகல் எடுத்து வையுங்கள். எடுக்கவில்லையா? அட்டை தந்த அலுவலகத்திடம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை அனுமதி இருந்தது என்று ஒரு சான்று கேளுங்கள்.

அயர்லாந்து, பிரித்தானிய அட்டைகள் பொதுவாக இதற்கு உதவாது. அவை ஷெங்கன் அட்டைகள் அல்ல.

நம் பெயர்

தந்தை பெயர் முன்னாலா பின்னாலா என்பது நமக்கே குழப்பம், இயந்திரத்துக்குக் கேட்கவே வேண்டாம். சிலருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடமே காலி. பழைய பாஸ்போர்ட்டில் இனிஷியல், புதியதில் அது விரிந்து முழுப் பெயர். பாஸ்போர்ட்டின் அடியில் அம்புக்குறிகளோடு இருக்கும் இரண்டு வரிகளில் பெயருக்கு மொத்தம் 39 இடம்தான், நீண்ட பெயர் அங்கே வெட்டுப்படும். மனுவில் உங்களை ஊரார் கூப்பிடும் பெயரை எழுதாதீர்கள். அந்த வரியில் இருப்பதை அப்படியே எழுதி, பயணம் செய்த பாஸ்போர்ட்டின் எண்ணையும் சேருங்கள்.

குடியுரிமை வாங்கும்போது பெயரைச் சுருக்கிக்கொண்டவர்கள் பெயர் மாற்றச் சான்றையும் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு பாஸ்போர்ட்டும் இரண்டு ஆட்கள். குடியுரிமை கிடைத்தால் பழைய கோப்பை ஐந்து வேலை நாளுக்குள் அழிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது, உண்மைதான். அதுவாக நடக்கும் என்று நம்பி உட்காராமல் நீங்களே எழுதிக் கேளுங்கள்.

முகவரி

தூதரகம் இல்லை. விமான நிறுவனம் இல்லை. அமைப்பின் கணினிகளை நடத்தும் ஈயூ-லிசா முகமையும் இல்லை. நாட்டின் எல்லைத் தரவுக்குப் பொறுப்பான அதிகாரத்துக்கு எழுதுங்கள். எந்த உறுப்பு நாட்டிடம் கேட்டாலும் ஏற்க வேண்டும், ஆனால் தவறாகப் பதிந்த நாட்டிடமே கேட்டால் ஒரு சுற்று குறையும். வேறு நாட்டிடம் கேட்டால், அவர்கள் ஏழு நாளுக்குள் பதிந்த நாட்டைத் தொடர்புகொள்வார்கள், அந்த நாடு முப்பது நாளில் சரிபார்க்கும்.

எல்லா அமைப்புக்கும் ஒரே கடிதம்

ஈ.ஈ.எஸ். வேறு, விசா தகவல் அமைப்பு வேறு, நுழைவுத் தடை பதிவாகும் ஷெங்கன் தகவல் அமைப்பு வேறு. மூன்று கடிதம்.

கைரேகையை நீங்களே அனுப்புவது

வேண்டாம். அடையாளத்தில் உண்மையான சந்தேகம் இருந்தால் மட்டுமே, அதுவும் காரணத்தோடுதான் அவர்கள் கேட்கலாம்.

45 நாள்

மனு கிடைத்த நாளிலிருந்து 45 நாளுக்குள் பதில் தர வேண்டும். கிடைத்த நாளை உங்களால் நிரூபிக்க முடிய வேண்டும், அதனால் பதிவுத் தபால் அல்லது ஒப்புகை வரும் இணையப் படிவம். நாள் கடந்தால் அந்த நாட்டின் தரவுப் பாதுகாப்பு ஆணையத்திடம் போகலாம், பிரான்ஸ் என்றால் சி.என்.ஐ.எல். முதல் நாளே அங்கே ஓடினால், "முதலில் அவர்களிடம் கேட்டீர்களா?" என்று திருப்பி அனுப்புவார்கள். மறுப்பதென்றால் காரணத்தோடு எழுத்தில் தர வேண்டியது அவர்கள் கடமை. தொலைபேசியில் யாராவது "முடியாது" என்று சொன்னால் அதை மறுப்பாக எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடாதீர்கள். அந்த மூன்று பேரில் ஒருவர் அப்படித்தான் போய்விட்டார். நேற்று அவருடைய மனுவை அரைப்பக்கமாக வெட்டி, பழைய அட்டையின் நகலோடு மறுபடி அனுப்ப வைத்திருக்கிறேன்.