பாரிசவாதம் வந்தால் வீட்டில் செய்யக்கூடாதவை

வாய் ஒரு பக்கம் கோணும், ஒரு கை தூக்க வராது, பேச்சு குழறும். இதில் ஒன்றைத் திடீரெனக் கண்டாலும் அது பாரிசவாதமாக இருக்கலாம். ஆனால் வெள்ளவத்தையாகட்டும் கொட்டாஞ்சேனையாகட்டும், நம் வீடுகளில் முதலில் தேடுவது கோடாலித் தைலத்தைத்தான். பூசிப் படுக்கவைத்து, "கொஞ்சம் பார்ப்போம்" என்று இருந்துவிடுகிறோம். இதைவிடப் பெரிய தவறு இல்லை.

பாரிசவாதங்களில் சுமார் 85 வீதம் மூளைக்குப் போகும் இரத்தக்குழாய் அடைபட்டு வருபவை. அடைப்பு நீடிக்கும் ஒவ்வொரு நிமிடமும் ஏறத்தாழ 19 இலட்சம் நரம்புக் கலங்கள் சாகின்றன. அடைக்கும் இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை வழக்கமாக நாலரை மணித்தியாலத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் ஸ்கேனும் எடுக்க வேண்டும். ஆகவே பக்கத்து டிஸ்பென்சரியில் வரிசையில் நிற்காமல் உடனே 1990க்கு அழையுங்கள். அந்த இலக்கத்தில் வரும் சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசு கிடையாது.

அப்புறம், நேரம். தூங்கி எழும்பும்போதே கை விழுந்திருந்தால், எழும்பிய நேரத்தைச் சொல்லாதீர்கள். அவர் கடைசியாக நன்றாக இருந்ததை யார், எத்தனை மணிக்குப் பார்த்தார்கள் என்பதுதான் வைத்தியருக்கு வேண்டும். அந்தக் கணக்கை வைத்தே சிகிச்சை முடிவாகும்.

மாரடைப்புக்குச் சொன்னதை நினைத்து அஸ்பிரின் கொடுப்பவர்கள் உண்டு. ஆனால் பாரிசவாதங்களில் மிச்சம் 15 வீதம் அடைப்பால் அல்ல, இரத்தக்கசிவால் வருபவை. வெளியில் இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும். கசிவாக இருந்தால் அஸ்பிரின் அதைக் கூட்டிவிடும். பிரஷர் குளிசையையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள். அழுத்தம் சட்டென்று இறங்கினால் மூளைக்குப் போகும் கொஞ்ச இரத்தமும் குறையும். தேத்தண்ணி, தண்ணீர்கூட வேண்டாம். விழுங்க முடியாத நிலையில் அது நுரையீரலுக்குள் போகலாம்.

பத்து நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிட்டால்? அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பெரிய பாரிசவாதம் வரும் ஆபத்து அடுத்த இரண்டு நாட்களில்தான் அதிகம்.

வீடு திரும்பிய பிறகு நடப்பவையும் மனதை வருத்துகின்றன. தலையிடி இல்லை என்று பிரஷர் குளிசையை நிறுத்துகிறார்கள். பலமிழந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்குகிறார்கள், தோள்மூட்டு விலகுகிறது. பெரும்பாலானவர்களுக்கு மூளையின் இடப்பக்கம் அடிபட்டால் பேச்சு போகலாம். ஆனால் நாம் சொல்வது பலருக்கு ஓரளவாவது விளங்கும். அவர் முன்னாலேயே "இனி இவர் அவ்வளவுதான்" என்று பேசாதீர்கள். பாரிசவாதத்துக்குப் பின் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. அதற்கும் மருந்து உண்டு. கிளினிக்குக்குப் போகும்போது அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.