வருங்காலக் கார் பொம்மைகள்: தேடுவதும் விலை போடுவதும்

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்கு வருகிறவர்கள் எனாமல் தூக்கும் பீங்கான் ஜாடியும் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். நான் தேடுவது கடையின் மூலையில் உடைந்த பூட்டு, பழைய சாவிகளோடு கிடக்கும் குட்டிக் கார்களை. அதிலும் எல்லாக் காரும் இல்லை. கூரைக்குப் பதில் கண்ணாடிக் குமிழ், முன்னால் இரண்டு எஞ்சின் என்று, அந்தக் காலத்தில் 'நாளைக்கு இப்படித்தான் ஓடும்' என நினைத்துச் செய்தவை மட்டும். இந்தப் பக்கத்து வீடுகளில் சிங்கப்பூர், மலேயா போய் வந்தவர்களின் பெட்டிகள் பரணில் நிறைய இருந்ததால், அவை அவ்வப்போது இங்கே தலைகாட்டுகின்றன.

1. எதைச் சேர்ப்பது என்று முடிவு செய்யுங்கள்

ஹாட் வீல்ஸ் என்ற அமெரிக்கப் பொம்மைக் கார் பிராண்ட் 1968-ல் முதலில் விட்ட 16 கார்களில் பீட்னிக் பாண்டிட், சில்லவெட், டியோரா மூன்றும் நம் வகை. 1969-ல் ட்வின் மில் வந்தது. மேட்ச்பாக்ஸ் என்ற இன்னொரு பிராண்டில் ஆல்ஃபா கராபோ இருக்கிறது. பெர்டோனே என்ற இத்தாலியக் கார் வடிவமைப்பு நிறுவனத்துக்காக மார்செல்லோ கந்தினி வடிவமைத்த 1968-ஆம் வருடக் கண்காட்சிக் காரின் பொம்மை அது. இந்த ஐந்தையும் படத்தில் பார்த்துக் கண்ணுக்குப் பழக்கிக்கொண்டால் தொடங்கப் போதும்.

2. கையில் இருக்க வேண்டியவை

ஒரு சின்னக் காந்தம், பத்து மடங்கு பெரிதாக்கும் நகைக்கடை லென்ஸ். போன் கேமராவை ஜூம் செய்து பார்ப்பது எனக்குப் பிடிக்காது. கீறலையும் தூசியையும் அதில் பிரிக்க முடியாது. விலைப் பட்டியல் புத்தகத்துக்குக் காசு போட வேண்டாம், அச்சாகி வருவதற்குள் விலை மாறிவிடும்.

காந்தத்தை உடம்பில் வையுங்கள். ஒட்டினால் தகரப் பொம்மை. ஒட்டாவிட்டால் துத்தநாகக் கலவை வார்ப்பாக இருக்கலாம். சக்கர அச்சு இரும்பு, அதில் ஒட்டுவதைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

3. அடிப்பாகத்தைப் படிப்பது

எனக்குப் புரிய அதிக நாள் பிடித்தது இதுதான், நிதானமாகப் படியுங்கள். கடைக்காரர் காரைத் திருப்பிக் காட்டி, "அடியிலேயே 69-னு போட்டிருக்கு தம்பி, பழசு" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. போட்டிருப்பது உண்மைதான். ஆனால் அது வடிவமைப்பின் உரிமை ஆண்டு, கார் செய்த ஆண்டு இல்லை. அதே வடிவத்தில் எத்தனை வருடம் கழித்துச் செய்தாலும் பழைய ஆண்டே இருக்கலாம்.

அதனால் ஆண்டை விட்டுவிட்டு நாட்டைப் பாருங்கள். முதல் வருடங்களின் ஹாட் வீல்ஸ் கார்களில் ஹாங்காங் அல்லது அமெரிக்கா என்றிருக்கும். மலேசியா, சீனா, தாய்லாந்து என்றிருந்தால் அது பிற்காலத்துக் கார். அடுத்து சக்கரம். 1968 முதல் 1977 வரை டயரில் சிவப்புக் கோடு இருந்தது, சேர்ப்பவர்கள் 'ரெட்லைன்' என்பது அதைத்தான். கோடு இருந்தால் மட்டும் போதாது. 1993-ல் 25-ஆம் ஆண்டை ஒட்டிப் பழைய வடிவங்களைத் திரும்பப் போட்டபோதும் சிவப்புக் கோடு வைத்தார்கள். ஆக நாடு, சக்கரம், பெயின்ட் மூன்றும் ஒரே கதையைச் சொல்ல வேண்டும்.

2008 முதல் வந்த ஹாட் வீல்ஸ் என்றால் வேலை சுலபம். அடியில் ஓர் ஆங்கில எழுத்தும் இரண்டு இலக்கமும் பொடியாக இருக்கும். 'ஏ' என்றால் 2008, 'எல்' என்றால் 2018. எண் அந்த வருடத்தின் வாரம். (நடுவில் 'ஐ' கிடையாது, எண்ணும்போது அதைத் தாண்டிவிடுங்கள்.)

4. நிலையைப் பார்ப்பது

கடைக்குள் டியூப்லைட்டில் பார்க்காதீர்கள். வாசலுக்கு எடுத்து வந்து வெயிலில் திருப்புங்கள். 1968 முதல் 1972 வரையிலான ரெட்லைன்களில் பெயின்ட் பெரும்பாலும் மெருகேற்றிய உலோகத்தின் மேல் பூசியது, உள்ளிருந்து பளபளக்கும். அவற்றில் மேலே கனமாக அப்பியது போலிருந்தால் யாரோ பிறகு அடித்திருக்கலாம். அடியில் பாகங்களை இணைக்கும் ரிவெட்டைத் துளைத்திருந்தால் காரைப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள், விலை இறங்கும். டியோராவில் இரண்டு அலைச்சறுக்குப் பலகைகள் இருக்க வேண்டும். பெரும்பாலும் அவைதான் முதலில் தொலைந்திருக்கும்.

துருவைச் சுரண்டுவது, திரும்பப் பெயின்ட் அடிப்பது எதுவும் வேண்டாம். மென்மையான தூரிகையால் தூசி தட்டினால் போதும்.

5. விலை

ஈபேயில் ஒருவர் லட்ச ரூபாய் கேட்கிறார் என்றால் அது அவர் ஆசை. 'விற்றவை' என்ற வடிகட்டியைப் போட்டு, அதே நாடு, அதே நிறம், ஏறக்குறைய அதே நிலையில் உண்மையாக விற்றவற்றை மட்டும் எடுங்கள். மிக அதிகமானதையும் மிகக் குறைவானதையும் நீக்கிவிட்டு நடுவில் நிற்பதைப் பிடியுங்கள். நிறம் முக்கியம். ஒரே காரில் பிங்க் பொதுவாக அரிது, அதனால் விலை கூடும். கடையில் வந்த அட்டைப் பொதியைப் பிரிக்காததையும் பிரித்ததையும் ஒப்பிடவே கூடாது, இரண்டும் வேறு சந்தை. வாட்ஸ்அப் குழுவில் சொல்லும் விலையை நான் கணக்கில் எடுப்பதில்லை, அங்கே விற்பவரும் மதிப்பிடுபவரும் ஒரே ஆளாக இருப்பார்.

பின்சேர்க்கை

தேவகோட்டையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார்: காரின் அடியில் லியோ, இந்தியா என்றிருக்கிறது, போலியா? இல்லை. ஹாட் வீல்ஸ் ஒரு காலத்தில் இந்தியாவில் லியோ பெயரில் உரிமத்தோடு தயாரானது. வெளிநாட்டில் வராத நிறங்கள் அதில் உண்டு, அங்குள்ளவர்களே இதைத் தேடுகிறார்கள். தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

இன்னொருவர் அட்டையோடு வாங்கியதை முற்றத்துப் பக்கச் சுவரில் மாட்டியிருக்கிறார், பிளாஸ்டிக் மஞ்சளாகிறதாம். நம் வளவில் வெயில் நேராக இறங்கும். உள்ளறை அலமாரிக்கு மாற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போட்டு, ஐப்பசி மழைக்கு முன் புதிதாக மாற்றுங்கள்.